2021 அபுதாபி கடைசி லேப்: அக்கா மகனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

கோத்தகிரி மாமா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மனசில் ரொம்ப நாளாகக் கிடக்கிற ஒரு விஷயம், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு டீ பாக்டரியில் வேலை பார்க்கிறேன். ஃபார்முலா 1 கார் ரேஸில் 2007-ல் லூயிஸ் ஹாமில்டன் மெக்லாரன் அணியில் முதல் சீசன் ஓட்ட வந்ததிலிருந்து அவர் கட்சி. 2021 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரத்துக்கு மாலை ஆறரைக்கு அந்த சீசனின் கடைசி ரேஸ், அபுதாபியில். அந்த வாரம் மலையில் யாருக்கும் மனசு சரியில்லை, நாலு நாள் முன்னால்தான் குன்னூர் பக்கத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து எரிந்திருந்தது, கடைவீதிக்குப் போனாலும் பாக்டரிக்குப் போனாலும் அதே பேச்சு. நான் அக்கா வீட்டுக்குப் போய் அவள் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் காலை விட்டபடி பார்த்தோம். அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

ஹாமில்டனும் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனும் 369.5 புள்ளியோடு சரிசமமாக வந்து நின்றார்கள். கடைசி ரேஸுக்கு அப்படிச் சமமாக வந்தது 1974-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஹாமில்டன் கிளம்பின வேகத்திலேயே முன்னுக்குப் போய்விட்டார், 53-வது லேப் (சுற்று) வரைக்கும் ரேஸ் அவர் கையில்தான் இருந்தது. அப்புறம் லட்டிஃபி என்ற இன்னொரு டிரைவர் சுவரில் மோதினார், விபத்தின்போது எல்லாக் கார்களையும் மெதுவாக வரிசையில் பின்னால் வர வைக்கிற சேஃப்டி கார் வந்தது, என்னென்னவோ நடந்தது, 58-வது லேப்பில், அதாவது கடைசி லேப்பில், ஐந்தாவது வளைவில் வெர்ஸ்டாப்பன் உள்பக்கமாகப் புகுந்து போய்விட்டார். அக்கா கொண்டுவந்து வைத்த டீ ஏடு கட்டி ஆறிக் கிடந்தது. என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை 'திருட்டு'.

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவன் வெர்ஸ்டாப்பன் பக்கம் போய்விட்டான். போன வாரம் சாப்பிடும்போது மறுபடியும் அந்தப் பேச்சு வந்தது, நானும் வழக்கம்போல 'அது திருடின பட்டம்டா' என்றேன். அவன் சண்டை போடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, 'மாமா, அந்த ரேஸில் மாக்ஸ் செய்த தப்பு ஒன்றே ஒன்று சொல்லுங்க' என்றான். எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. டயர் மாற்றினார், பச்சைக் கொடி காட்டியதும் ஓட்டினார், முந்தினார். அவ்வளவுதானே.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அன்றைக்கு விதி எந்த இடத்தில் முறிந்தது? விதிப்படி நடந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? நான் அவனிடம் சொல்கிற வார்த்தை நியாயமா, இல்லை என் வயிற்றெரிச்சலைப் பிள்ளை தலையில் கட்டுகிறேனா? அவன் என்னை நம்புகிற பையன். தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேனோ என்று உறுத்துகிறது.

மஞ்சள் கொடி எழுதியது:

அண்ணா, நான் குன்னூர். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சில வருஷம் மார்ஷலாக நின்றிருக்கிறேன். அதனால் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் சூடு அதிகம்.

முதலில் சேஃப்டி கார் எதற்கு என்பதிலிருந்து வருகிறேன். டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்போம். முன்னால் ஒரு கார் மோதி நிற்கிறது, ரோட்டில் கண்ணாடி நார்த் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒருவன் துடைப்பத்தோடு ஓட வேண்டும், ஒருவன் வண்டியைத் தள்ள வேண்டும், ஒருவன் முதுகைக் காட்டாமல் கொடி பிடித்து வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கன்ட்ரோல் அறையிலிருந்து வருகிற வார்த்தையை நம்பித்தான் ரோட்டில் காலை வைக்கிறோம். அந்த வார்த்தை இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி என்றிருந்தால் யாரும் இறங்க மாட்டான். எனக்கு விதி என்றால் இதுதான் கண் முன்னால் வரும்.

இப்போது அபுதாபி. சேஃப்டி கார் வந்தபோது ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவில் ஒரு லேப் பின்தங்கிய கார்கள் 5 இருந்தன: நாரிஸ், அலோன்சோ, ஓகோன், லெக்லெர், வெட்டல். பாதையில் மொத்தம் அப்படிப் பின்தங்கியவை 8. அப்போதைய விதி 48.12 என்ன சொன்னது என்றால், பின்தங்கிய கார்களை முந்திப் போக விட்டால் அவை முன்னே போய்ச் சுற்றி வந்து வரிசையின் வாலில் சேர வேண்டும், கடைசிப் பின்தங்கிய கார் முதலிடத்தில் ஓடுகிறவரைத் தாண்டிய பிறகு, அதற்கு அடுத்த லேப்பின் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே போகும்.

நடந்தது இது. முதலில் கன்ட்ரோலிலிருந்து செய்தி வந்தது, பின்தங்கிய கார்கள் முந்தக்கூடாது என்று. சரி, அதுவும் விதியில் இடமுள்ள முடிவுதான், பாதையில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அப்புறம் 57-வது லேப்பில் மனசு மாறி, 4, 14, 31, 16, 5 என்று அந்த ஐந்து எண்களை மட்டும் முந்தச் சொன்னார்கள். மற்ற மூன்று கார்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மூன்றாவது இடத்திலிருந்த சைன்ஸுக்கு முன்னால் பின்தங்கிய கார்கள் அப்படியே நின்றன, அவருக்கும் வெர்ஸ்டாப்பனோடு மோதிப் பார்க்க ஆசை இருக்காதா? அதைவிடப் பெரியது, அடுத்த லேப்புக்குக் காத்திராமல் அதே லேப்பிலேயே சேஃப்டி காரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். எழுதியிருக்கிறபடி போயிருந்தால் சேஃப்டி கார் 58-வது லேப் முடிவில் உள்ளே போயிருக்கும். 58-தான் கடைசி லேப். அதாவது ரேஸ் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்து ஹாமில்டனுக்கு எட்டாவது பட்டம்.

இன்னொரு வழியும் இருந்தது. முதலில் சொன்னபடியே யாரையும் முந்த விடாமல் ஒரு லேப் ரேஸ் விட்டிருக்கலாம். வெர்ஸ்டாப்பன் அந்த ஐந்து கார்களையும் கடந்துதான் ஹாமில்டனைத் தொட வேண்டியிருக்கும், ஒரே லேப்பில் அது ஆகிற காரியமில்லை. அல்லது விபத்து நடந்த உடனே சிவப்புக் கொடி காட்டி நிறுத்தியிருந்தால் இரண்டு பேரும் புது டயர் போட்டுக்கொண்டு நேருக்கு நேர் நின்றிருப்பார்கள். என்னைக் கேட்டால் அதுதான் எல்லாவற்றிலும் நியாயமான வழி, ஆனால் அது முதல் ஒன்றிரண்டு நிமிஷத்தில் எடுக்க வேண்டிய முடிவு.

வெர்ஸ்டாப்பனின் அணியான ரெட் புல் பக்கம் வாதாடும்போது ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அந்த விதி 'எனி கார்ஸ்' என்று ஆரம்பிக்கும். 'எனி' என்றால் 'ஆல்' இல்லையே, சிலதை மட்டும் விட்டாலும் சரிதான் என்று. நம் வீட்டுக் கல்யாணத்தில் 'யார் வந்தாலும் சாப்பாடு போடுங்க' என்று பெரியவர் சொன்னால், பந்தியில் ஐந்து பேரை மட்டும் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்புவோமா? 2022-ல் அந்த வார்த்தையை 'ஆல்' என்று மாற்றினார்கள். எழுத்தில் ஓட்டை இருந்தது என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

பூம்பாறை எழுதியது:

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒரு வெர்ஸ்டாப்பன் ரசிகை. வீட்டில் பூண்டு வெள்ளாமை. ரேஸ் பைத்தியம் எனக்கு மட்டும்தான்.

குன்னூர் அண்ணா சொன்ன விதி விவரத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எல்லோரும் 22 ரேஸை ஒரே ஒரு லேப்பாகச் சுருக்கிவிடுகிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளாமையைக் கடைசி நாள் மழையை வைத்து மட்டும் எடை போடுவீர்களா?

அதே வருஷம் நடந்த பாகூ ரேஸை நினைத்துப் பாருங்கள். மாக்ஸ் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தார், முடிய ஐந்தாறு லேப் இருக்கும்போது நேர்ப்பாதையில் முழு வேகத்தில் பின் டயர் வெடித்துச் சுவரில் போய் விழுந்தார். அவர் தப்பு ஒன்றுமில்லை. 25 புள்ளி போச்சு. (அன்றைக்கு மறுபடி ஆரம்பித்தபோது ஹாமில்டனும் முதல் வளைவில் நேராகப் போய் 15-வதாக வந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் நியாயம்தான்.) சில்வர்ஸ்டோனில் முதல் லேப், காப்ஸ் வளைவு. ஹாமில்டனின் முன் சக்கரம் மாக்ஸின் பின் சக்கரத்தில் பட்டு, 51ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 51 மடங்கு தாக்கத்தோடு மாக்ஸ் டயர் சுவரில் போய் மோதினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஹாமில்டனுக்கு 10 வினாடி தண்டனை கொடுத்தார்கள், அதையும் அனுபவித்துவிட்டு அவர் ரேஸையே ஜெயித்தார். அடுத்தது ஹங்கேரி. முதல் வளைவிலேயே போட்டாஸ் பிரேக் பிடிக்கத் தவறி நாரிஸை இடிக்க, நாரிஸ் வந்து மாக்ஸை இடிக்க, பாதி உடைந்த காரை வைத்துக்கொண்டு அவர் 9-வதாக முடித்து வெறும் 2 புள்ளி வாங்கினார். போட்டாஸ் யார்? ஹாமில்டனின் அணிக்காரர். வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அன்றைக்கு யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அபுதாபிக்கு அவர் சமமாக வந்து நின்றார் என்றால் அந்த வருஷம் எப்படி ஓட்டியிருக்கிறார் என்று பாருங்கள். 10 ரேஸ் ஜெயித்தார், ஹாமில்டன் 8. ஒரே சீசனில் 18 தடவை மேடை ஏறினது அப்போது சாதனை.

கோத்தகிரி அண்ணா, உங்கள் பையன் கேட்டது சரியான கேள்வி. கடைசி லேப்பில் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டுப் பின்னாலேயே போயிருக்க வேண்டுமா அவர்?

கல்லட்டி டிரைவர் எழுதியது:

பூம்பாறை அக்கா சொன்னதில் பாதி சரி. மீதிக்கு நான் வருகிறேன்.

நான் ஊட்டியிலிருந்து மசினகுடி கல்லட்டி ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவன். 36 கொண்டை ஊசி. அந்த ரோட்டில் ஒரு சட்டம் எல்லோருக்கும் தெரியும், மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் திரும்பக் கிளப்புவது கஷ்டம், அதனால் வந்த சட்டம். இறங்குகிறவன் நான் பெரிய டிரைவர், என்னால் முடியும் என்று வளைவில் மூக்கை நுழைத்தால், எதிரே வருகிறவன் பயந்து ஓரத்துக்குப் போவான். இவன் போய்விடுவான், ஒன்றும் ஆகாது. ஆனால் ஓரத்தில் இரண்டு சக்கரம் மண்ணில் இறங்கி நிற்கிறவனுக்குத்தான் தெரியும் என்ன நடந்தது என்று.

அந்த சீசனில் மாக்ஸ் அப்படித்தான் சில இடத்தில் ஓட்டினார். பிரேசிலில் 48-வது லேப், நாலாவது வளைவு. ஹாமில்டன் வெளிப்பக்கமாக முந்தி வருகிறார், மாக்ஸ் பிரேக்கை ரொம்பத் தாமதமாகப் பிடித்து உள்பக்கத்திலிருந்து அவரையும் இழுத்துக்கொண்டு இரண்டு பேரும் ரோட்டை விட்டே வெளியே போனார்கள். விசாரணைகூட வைக்கவில்லை. ஜெத்தாவில் 37-வது லேப்பில் இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது ரோட்டின் நடுவில் சட்டென்று பிரேக் போட்டார், பின்னால் வந்த ஹாமில்டன் இடித்தார். ரேஸ் நடுவர்களான ஸ்டூவர்டுகள் கணக்கில் 2.4ஜி பிரேக். அதற்கு 10 வினாடி தண்டனை கிடைத்தது.

அதனால் தம்பியிடம் சொல்லுங்கள், அபுதாபியின் கடைசி லேப்பில் மாக்ஸ் மேல் தப்பு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சீசன் முழுக்க இல்லை என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மோன்சாவில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டதில் மாக்ஸின் கார் ஹாமில்டன் தலைமேலேயே ஏறி நின்றது, டிரைவர் தலையைக் காக்கிற ஹேலோ வளையம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த மோதலுக்கு மாக்ஸுக்குத்தான் அடுத்த ரேஸில் மூன்று இடம் பின்னால் நிற்கிற தண்டனை.

டயர் விஷயம் யாரும் சொல்லவில்லையே. ஹாமில்டன் போட்டிருந்தது 14-வது லேப்பில் மாட்டிய ஹார்ட், அதாவது கெட்டி ரப்பர் டயர். கடைசியில் 44 லேப் ஓடின டயர், அதுவும் சேஃப்டி காருக்குப் பின்னால் மெதுவாகப் போய்ச் சூடு இறங்கிப்போனது. மாக்ஸிடம் அப்போதுதான் மாட்டிய சாஃப்ட், ரோட்டை நன்றாகப் பிடிக்கிற மென்மையான டயர். மார்கழிக் காலையில் உறைபனி ரோட்டில் வழவழத்த டயரோடு இறங்கியவனுக்கு அந்த வித்தியாசம் புரியும். ஹாமில்டன் டயர் மாற்ற ஏன் பிட்டுக்குள் போகவில்லை என்று திட்டுகிறார்கள், அவர் போயிருந்தால் மாக்ஸ் வெளியே நின்று முதலிடத்தைப் பிடித்திருப்பார், அப்படியே சேஃப்டி காருக்குப் பின்னால் ரேஸ் முடிந்தால் பட்டம் கையை விட்டுப் போயிருக்கும். முன்னால் போகிறவனுக்கு அன்றைக்கு இரண்டு பக்கமும் பள்ளம். அந்தக் கணக்கை ஹாமில்டனின் அப்போதைய அணியான மெர்சிடஸ் விதிப் புத்தகத்தை நம்பித்தான் போட்டார்கள்.

லவ்டேல் எழுதியது:

பிள்ளைகளே, எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, 1989-ல் அயர்டன் செனா என்ற பிரேசில் டிரைவர் மேல் பைத்தியம். அப்போது நமக்கு நேரடி ஒளிபரப்பு ஏது? ஞாயிற்றுக்கிழமை ரேஸ் நடந்தால் செவ்வாய்க்கிழமை பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் நாலு வரி வரும். ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் ஒரு கடையில் வெளிநாட்டுப் பத்திரிகை இரண்டு மாதம் தாமதமாக வரும், வாங்கக் காசு இருக்காது, நின்றுகொண்டே படிப்போம். ஜப்பான் சுசூகா ரேஸ் மோதல் படத்தை அப்படித்தான் முதலில் பார்த்தேன். சிவப்பு வெள்ளை மெக்லாரன் இரண்டும் சக்கரம் பூட்டிக்கொண்டு, வேகத்தைக் குறைக்க வைத்த சிக்கேன் என்கிற நெளிவளைவின் வாயில் நிற்கின்றன. ஒரே அணி, ஒரே மாதிரி கார். உள்ளே இருப்பது ப்ராஸ்டும் செனாவும்.

அந்த ரேஸ் 53 லேப், மோதல் 46-வதில். புள்ளியில் முன்னால் இருந்தவர் ப்ராஸ்ட், செனா ஜெயித்தே ஆக வேண்டும். செனா உள்பக்கம் பாய்ந்தார், ப்ராஸ்ட் கதவைச் சாத்தினார், அதாவது வழியை மறித்தார், இரண்டும் நின்றன. ப்ராஸ்ட் இறங்கிப் போய்விட்டார். செனா மார்ஷல்களைத் தள்ளச் சொல்லி, இன்ஜினை உயிர்ப்பித்து, சிக்கேனைச் சுற்றாமல் ஓரப் பாதை வழியே வந்து, பிட்டில் புது மூக்கு மாட்டி, நன்னினியை முந்தி ஜெயித்தார். அப்புறம் சிக்கேனைத் தவறவிட்டதாகச் சொல்லித் தகுதி நீக்கம் செய்தார்கள். பட்டம் ப்ராஸ்டுக்கு. கார் பந்தய உலக அமைப்பின் அப்போதைய தலைவர் பலெஸ்ட்ரும் பிரெஞ்சுக்காரர், ப்ராஸ்டும் பிரெஞ்சுக்காரர். நான் அன்றைக்கு உங்கள் வார்த்தையைத்தான் சொன்னேன், திருட்டு என்று. பல வருஷம் சொன்னேன்.

அடுத்த வருஷம் அதே சுசூகா. ப்ராஸ்ட் இப்போது ஃபெராரியில். கிளம்புகிற வரிசையில் செனாவுக்கு முதலிடம், ஆனால் முதலிடத்துக்கான கட்டம் அழுக்குப் பக்கத்தில் இருந்தது, ரப்பர் படியாத பக்கம். மாற்றித் தரச் சொன்னார், மாற்றவில்லை. கிளம்பி முதல் வளைவு வருவதற்குள் ப்ராஸ்ட் முந்திவிட்டார், செனா காலை எடுக்காமல் அப்படியே கொண்டுபோய் அவர் மேல் ஏற்றினார். இரண்டு பேரும் மணலில். பட்டம் செனாவுக்கு. ஒரு வருஷம் கழித்து, 1991 பட்டமும் கையில் வந்த பிறகு, வேண்டுமென்றுதான் செய்தேன் என்று அவரே சொன்னார்.

அதைப் படித்த அன்றைக்கு எனக்கு இருந்த மனநிலை சொல்லத் தெரியவில்லை. நான் கொண்டாடின மனிதன். மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், பின்னால் இருபத்துச் சொச்சம் கார்கள் வரும்போது. அவருக்கு அநியாயம் நடந்தது உண்மை. அந்த அநியாயத்தைச் சொல்லிச் சொல்லியே அவர் செய்ததையும் நான் நியாயமாக்கிக்கொண்டிருந்தேன், அதுவும் உண்மை.

2021-ல் இதை ஒட்டிப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான். 1990-ல் தப்பு காருக்குள் இருந்தது. 1997 ஹெரெஸில் ஷூமாக்கர் வில்நவ் மேல் காரைத் திருப்பினார், அதுவும் காருக்குள் நடந்தது, அவருடைய அந்த சீசன் இடத்தையே அழித்துவிட்டார்கள். அபுதாபியில் இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள் என்றுதான் உலகமே பயந்தது. இரண்டு பேரும் புள்ளி வாங்காமல் முடித்தால் அதுவரை இருந்த 9-க்கு 8 வெற்றிக் கணக்கில் மாக்ஸுக்குப் பட்டம், அதனால் ரேஸுக்கு முன்னாலேயே எச்சரிக்கைக் குறிப்பு கொடுத்திருந்தார்கள். கடைசியில் இரண்டு பிள்ளைகளும் சுத்தமாகத்தான் ஓட்டினார்கள். தவறியது மேலே அறையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள்.

கோத்தகிரித் தம்பி, திருட்டு என்று சொன்னால் திருடன் ஒருவன் வேண்டுமே. பையன் கேட்டது அதைத்தான்.

மஞ்சள் கொடி எழுதியது:

லவ்டேல் ஐயா, பெரியவர்கள் என்று நீங்கள் சொன்னது சரி, ஆனால் அன்றைய ரேஸ் டைரக்டர், அதாவது ரேஸை நடத்துகிற அதிகாரி, மாசி ஒருவர் தலையில் மட்டும் எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். அன்றைக்கு அவர் காதில் இரண்டு அணிகளின் தலைவர்களும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சேஃப்டி கார் வேண்டாம் என்று ஒருவர், ஒரே ஒரு லேப் ரேஸ் விட்டால் போதும் என்று இன்னொருவர். பாதையில் ஆட்கள் நிற்கும்போது அந்த நாற்காலியில் இருப்பவரிடம் அப்படிப் பேசவே விட்டிருக்கக் கூடாது, அதைத் தொலைக்காட்சியில் வேறு போட்டார்கள். முடிந்தவரை ரேஸ் பச்சைக் கொடியில் முடிய வேண்டும் என்று எல்லா அணிகளும் முன்னாலேயே கேட்டுக்கொண்டிருந்தவைதான்.

மெர்சிடஸின் முறையீட்டை ஸ்டூவர்டுகள் தள்ளினார்கள், 15.3 விதிப்படி சேஃப்டி கார் விஷயத்தில் ரேஸ் டைரக்டருக்கு மேலான அதிகாரம் உண்டு என்று. அப்பீல் போவதாகச் சொன்னவர்கள் நாலு நாளில் கைவிட்டார்கள். பிப்ரவரியில் மாசியை அந்தப் பதவியிலிருந்து மாற்றினார்கள். மார்ச்சில் வந்த, கார் பந்தய உலக அமைப்பான எஃப்ஐஏ-வின் அறிக்கை மனிதத் தவறு என்றது, நல்லெண்ணத்தோடு செய்தார் என்றது, முடிவு செல்லும் என்றும் சொன்னது. அணித் தலைவர்கள் நேராக ரேஸ் டைரக்டரிடம் பேசுவதையும் நிறுத்தினார்கள்.

என் பயம் 15.3-ல்தான். மேலான அதிகாரம் உண்டு என்பதற்காக எழுதியிருக்கிற நடைமுறையைத் தாண்டலாம் என்றால், ரோட்டில் துடைப்பத்தோடு நிற்கிறவன் எதை நம்பி நிற்பான்?

பூம்பாறை எழுதியது:

டிரைவர் அண்ணா, ஜெத்தா பிரேக்கை நான் நியாயப்படுத்தவில்லை, அன்றைக்கு எனக்கே முகம் கொடுக்க முடியவில்லை. ஐயா சொன்ன 1990 கதையைப் படித்த பிறகு இன்னும் யோசனையாக இருக்கிறது. ஆனால் ஒன்று, விதிப்படி நடந்திருந்தால் ஹாமில்டனுக்குப் பட்டம் என்று குன்னூர் அண்ணா எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். இதுவரை அதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. மாக்ஸ் அந்தப் பட்டத்துக்குத் தகுதியானவர் என்பதையும் விடமாட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக் கூடாதா?

கோத்தகிரி மாமா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன், வாட்டல் தொட்டியில் கொழுந்தைக் கிளறிவிட்டு வந்து உட்கார்ந்து மறுபடி படிப்பேன்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். பையனைக் கூப்பிட்டு 53-வது லேப்பிலிருந்து போட்டு, இரண்டு பேரும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். முந்தக் கூடாது என்று திரையின் ஓரத்தில் வந்த செய்தி, அப்புறம் ஐந்து எண்கள் வந்த செய்தி, இரண்டையும் காட்டினேன். அவனே விரலால் எண்ணினான், ஐந்துக்குப் பிறகு இன்னும் மூன்று கார் இருக்கே மாமா என்றான். அடுத்த லேப்பில்தான் சேஃப்டி கார் உள்ளே போக வேண்டும் என்று விதியைச் சொன்னேன், 57-ஐயும் 58-ஐயும் சேர்த்து யோசித்துப் பார்த்துவிட்டு முகம் சின்னதாகிப் போனான். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாக்ஸ் மேல் இதில் ஒரு தப்பும் இல்லைடா, இத்தனை வருஷம் நான் சொன்ன அந்த வார்த்தை தப்பு என்று சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, வீடியோவை நிறுத்த வேண்டாம் என்றான்.

அதனால் ரேஸ் முடிந்த பிறகு வருவதையும் பார்த்தோம். அன்றைக்கு நான் கோபத்தில் டிவியை அணைத்துவிட்டதால் அதை நானே பார்த்ததில்லை. ஹாமில்டன் காரை நிறுத்திவிட்டு உடனே இறங்கவில்லை, கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் வந்து மாக்ஸைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். அவர் அப்பாவும் போய் மாக்ஸுக்குக் கை கொடுத்தார். பையன் அந்த இடத்தைத் திரும்ப ஒரு தடவை போடச் சொன்னான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை செனா ரேஸ் பார்க்க வேண்டுமாம். ஐயா, 1989 சுசூகாவை முழுசாகப் போடட்டுமா, இல்லை 46-வது லேப்பிலிருந்து போட்டால் போதுமா?

லவ்டேல் எழுதியது:

சுசூகாவிலிருந்து ஆரம்பிக்காதே தம்பி, அதே வருஷம் இமோலா ரேஸிலிருந்து ஆரம்பி. முதல் வளைவில் ஒருவரையொருவர் முந்துவதில்லை என்று இரண்டு பேருக்கும் ஒரு வாய்வார்த்தை ஒப்பந்தம் இருந்தது, ரேஸ் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தபோது செனா அதை மீறிவிட்டார் என்று ப்ராஸ்ட் நினைத்தார். பேச்சு அங்கேதான் நின்றுபோனது. அதைப் பார்த்துவிட்டு சுசூகாவைப் போட்டால்தான் ப்ராஸ்ட் ஏன் கதவைச் சாத்தினார் என்று பையனுக்குப் புரியும். முடிந்தால் 1993 அடிலெய்ட் மேடையையும் காட்டு, ப்ராஸ்டின் கடைசி ரேஸ், செனா அவரைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொள்வார்.